நாலாவது கிரகணத்துக்கு முன்னால்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. வீட்டில் இருக்கிற ஒரே போன் அப்பாவின் சட்டைப்பையில் இருக்கிறது. உன்னிடம் எதுவும் பேசக் கூடாது என்று உன் தலைமேல் சத்தியமும் வாங்கியிருக்கிறார். எழுதக் கூடாது என்று வாங்க மறந்துவிட்டார். உட்கார்ந்துகொண்டு படி.

இந்த வருஷம் நாலு கிரகணம் இங்கேயே தெரியும், நாலையும் பார்த்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள் என்று நீ சொன்னதிலிருந்து அவருக்குத் தலைகால் புரியவில்லை. முதலில் வந்த சந்திர கிரகணத்தை மாடியில் நாற்காலி போட்டுப் பார்த்தோம். நிலா சிவந்தபோது, "கோவம் வந்தா உன் மூக்கும் இப்படித்தான்" என்று என்னைச் சீண்டினார். அடுத்த பதினைந்து நாளில் சூரிய கிரகணம். நீ அனுப்பிய கறுப்புக் கண்ணாடிகளையெல்லாம் தான் ஓட்டுகிற பள்ளிக்கூட வேனில் வருகிற பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார். தனக்கு? சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டாயே, அந்த எக்ஸ்ரே படத்தைப் பீரோவிலிருந்து எடுத்துக் கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொண்டார். "எம்பொண்ணு எலும்புக்குள்ள சூரியன் தெரியுதுடி" என்று கத்தினார். நானும் சிரித்தேன், பாவி. வலியும் இல்லை, எரிச்சலும் இல்லை. மறுநாள் கண்ணில் ஏதோ அழுக்கு என்று முகத்தைக் கழுவிக் கழுவித் துடைத்தார். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை, சரியாகிவிட்டது என்று நானும் விட்டுவிட்டேன்.

போன வாரம் மூன்றாவது கிரகணம், மறுபடியும் சந்திரன். நிலாவின் ஓரத்தில் நகம் அளவுக்குக்கூட நிழல் ஏறவில்லை, இவர் "அவ்ளோதான், முழுசா மறைஞ்சிடுச்சு" என்கிறார். விளையாடுகிறார் என்று முதுகில் ஒன்று வைத்தேன். திரும்பி, என் காதைப் பார்த்துக்கொண்டு என்னிடம் பேசினார். மறுநாளே கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். இரண்டு கண்ணிலும் நடுப்பகுதி வெந்திருக்கிறது, அங்கே வலி தெரியாது, ஆறு மாசம் ஆகிவிட்டதால் இனிமேல் பெரிதாகத் திரும்பாது, வண்டியைத் தொடவே கூடாது என்றார் டாக்டர்.

இவர் கேட்டால்தானே? "ஓரமெல்லாம் நல்லாத் தெரியுது, இந்த ரோடு எனக்குத் தண்ணிபட்ட பாடு" என்று அடுத்த நாள் காலையில் கிளம்பிவிட்டார். சாவியை ஒளித்து வைத்தேன், தடவியே கண்டுபிடித்துவிட்டார். வேறு வழியில்லாமல் நானும் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். சிவப்பு, பச்சை, முன்னால் லாரி என்று வழியெல்லாம் அவர் காதில் முணுமுணுக்கிறேன். நான் ஏதோ மந்திரம் சொல்கிறேன் என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நேற்று ஒரு சின்னப்பெண் இறங்கி, கைதவறிய தண்ணீர் பாட்டிலை எடுக்க வேனுக்கு முன்னால் குனிந்திருக்கிறது. நான் பின்கதவைச் சாத்திக்கொண்டிருந்தேன். வண்டி நகர்ந்தது. நான் போட்ட கூச்சலில் பிரேக்கை மிதித்தார். பாட்டில் நசுங்கிவிட்டது, பிள்ளை பிழைத்தது. வீட்டுக்கு வந்தும் ஸ்டியரிங்கை விடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அப்படியும் இன்றைக்குக் காலையில் சாவியை எடுத்தார். ஏன் இப்படி உயிரை வாங்குகிறீர்கள் என்று அழுதேன். "வேன விட்டா ஏன்னு அவ கேப்பா. பாக்கச் சொன்னதே அவதான். தெரிஞ்சா அவ தாங்கமாட்டா" என்றார். உனக்குத் தெரியக் கூடாது என்பதற்காக ஊரார் பிள்ளைகளின் உயிரோடு விளையாடிக்கொண்டிருக்கிறார். நாளையிலிருந்து ஒரு வாரம் விடுமுறை. பள்ளிக்கூடம் திறக்கிற அன்றுதான் உன் நாலாவது கிரகணம், சூரியன். அதற்குள் அவரைக் கூப்பிட்டு, எனக்கு எல்லாம் தெரியும், சாவியை அம்மாவிடம் கொடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல். பழியை உன் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்ளாதே, அழ அப்புறம் நேரமிருக்கிறது. நீ சொல்லியும் கேட்காவிட்டால் நானே பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லிவிடுவேன். அதற்கப்புறம் ஆயுசுக்கும் அவர் என்னோடு பேசாவிட்டாலும் சரி.

நீங்கள் இருவரும் குறையில்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். வேளைக்குச் சாப்பிடு. ஒன்றை மட்டும் மறக்காதே. வீடியோவில் பேசும்போதெல்லாம் அப்பா ஏன் என் முகத்தைப் பார்க்காமல் சுவரையே பார்க்கிறார், என்மேல் கோபமா என்று கேட்டாயே. நேராகப் பார்த்தால் நீ மறைந்துபோகிறாயாம். சுவரைப் பார்த்தால்தான் ஓரத்தில் உன் முகம் தெரிகிறதாம். அவர் அப்படிப் பார்க்கும்போது கொஞ்சம் அசையாமல் இரு.

இப்படிக்கு,
உன் அம்மா