தாங்கி நிறையப் பெற்றோல்

அன்றைக்கு நான் உன்னிடம் "போகாதை" என்று சொல்லவில்லை. "திரும்பி வருவியா" என்றும் கேட்கவில்லை. கீழறையில் உன் மோட்டார் சைக்கிளின் கையேட்டைப் பிடித்துக்கொண்டு, அதில் இருந்ததை மட்டும் தமிழில் வாசித்துக் காட்டினேன்.

இன்று பின்னேரம் அதே கீழறையில், அதே மோட்டார் சைக்கிளின் முன்னால் குந்தியிருந்தேன். பெற்றோல் மணம் விரல்களில் ஏறிவிட்டது. சவர்க்காரம் போட்டுக் கழுவியும் போகவில்லை. அதனால்தான் உனக்கு எழுதத் தோன்றியது. இந்தக் குளிர்காலம் முழுக்க நான் படிப்புக்காக இத்தாலியின் வடக்கே தொரினோவில் இருப்பேன். அதுவரை மோட்டார் சைக்கிள் இங்கே தூங்க வேண்டும்.

நீ கண்ணை மூடி ஒரு வருடமாகிறது. "பொம்பிளைப் பிள்ளைக்கு மோட்டச்சைக்கிள் வேண்டாம் எண்டு அப்பவே சொன்னனான்" என்று கோயில் வாசலில் ஒருவர் இப்போதும் சொல்கிறார். உன்னைக் கொண்டுபோனது இரத்தத்தில் வந்த நோய் என்பது அவருக்கும் தெரியும். நான் பதில் சொல்வதில்லை. நீயாக இருந்தால் சொல்லியிருப்பாய்.

நான் அந்தக் கையேட்டை வாசித்தது, சண்டை ஓய்ந்து, ஊருக்குப் பாதை திறந்திருந்த காலத்தில். மன்னாரில் உனக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார்கள். அவருக்கு அங்கேயே வேலை, பெண்ணும் அங்கேயே இருந்துவிட வேண்டும் என்பது பேச்சு. நீ ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "அம்மாட்டை நேரை கதைக்க வேணும்" என்றாய். டிக்கெட் எடுத்தாய். பலெர்மோவில் வியா மக்வேதா தெருவுக்குப் பின்னால் இருந்த அந்த ஒற்றை அறையில் நாம் இருவரும் சேர்ந்திருக்கத் தொடங்கிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் அதிகம் பேசாதவள். பேசியது முக்கால்வாசி உன்னோடுதான். நீ வராவிட்டால் அதுவும் நின்றுபோகும். ஆனால் அதைச் சொன்னால், உன் முடிவில் என் தனிமையையும் ஏற்றிவைத்ததாகிவிடும் என்று பட்டது.

பலெர்மோவில் குளிர்காலத்துக்கென்று யாரும் மோட்டார் சைக்கிளை மூடி வைப்பதில்லை. மழையிலும் ஒரு கையில் குடையைப் பிடித்தபடி ஓடுகிறவர்கள் இவர்கள். ஆனால் மாதக்கணக்கில் ஓடாமல் நின்றால் கெட்டுப்போகுமே என்று நீ நித்திரையில்லாமல் புரண்டாய். நீ பராமரித்த முதியவருடையது அது. அவர் காலமான பிறகு அவருடைய மனைவி, நாம் சிஞ்ஞோரா என்று கூப்பிடுகிறவர், "துடைத்து வைத்தது நீதானே" என்று உனக்கே தந்துவிட்டார். கையேட்டில் குளிர்கால ஓய்வைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. உனக்கு இத்தாலியன் நன்றாகப் பேச வரும், வாசிக்கத்தான் பொறுமை இல்லை.

"பனி பொழியும் பிரதேசங்களில்..." என்று தொடங்கினேன்.

"இஞ்சை ஏதடி பனி? அதை விட்டுட்டு மிச்சத்தை வாசி."

"உருளையின் உட்புறத்தை எண்ணெயால் ஈரப்படுத்தவும்."

"உன்ரை செந்தமிழைக் கேட்டா மோட்டச்சைக்கிள் தானாப் படுத்திடும். எங்கை ஊத்திறது எண்டு சொல்லு."

என்ஜின் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளைக்குள் ஒரு கரண்டி ஒயில் விட்டாய். சமையலறைக் கரண்டி. அதற்குப் பிறகு நாம் அதைச் சமையலுக்கு எடுக்கவே இல்லை. புகைக்குழாய்க்குள் ஈரமும் பூச்சியும் போகாமல் உன் பழைய படுக்கை விரிப்பைக் கிழித்து அடைத்தாய். "வெளிக்கிடேக்கை இதை எடுக்க வேணும். மறந்தா இது மூச்சு முட்டிச் செத்துப்போம்" என்றாய். யார் எடுக்க வேண்டும் என்று நீ சொல்லவில்லை.

அடுத்த வரி தாங்கியைப் பற்றியது. நான் அதை வாசிக்கும்போது என் குரல் சற்று இறங்கியிருக்க வேண்டும். பாதித் தாங்கியோடு நின்றால் உள்ளே துருப்பிடிக்கும், விளிம்புவரை நிரப்பி வைக்கவும் என்று இருந்தது. நீ வெளியே போய், ஒரு கான் நிறையப் பெற்றோலோடு வந்தாய். அந்த நேரம் பார்த்து மேல்மாடி அன்ரி மரக்கறிப் பையோடு வாசலில் நின்றார். நீ இனி வரமாட்டாய் என்று கோயில் முழுக்கச் சொல்லித் திரிந்தவர் அவர்தான். தன் மருமகனுக்கு இந்த மோட்டார் சைக்கிளை வாங்கவும் ஒரு கண் வைத்திருந்தார்.

"என்ன பிள்ளை, கலியாணத்துக்குப் போறவள் ஆருக்குப் பெற்றோல் அடிக்கிறாய்?"

"மோட்டச்சைக்கிளுக்கு, அன்ரி."

"அதில்லை. விக்கப்போறதுக்கு ஏன் நிறைய ஊத்திறாய் எண்டு கேட்டன்."

"விக்கிறன் எண்டு ஆர் சொன்னது?"

அன்ரி பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு மேலே ஏறினார். நீ தலை நிமிராமல் ஊற்றிக்கொண்டிருந்தாய். பெற்றோல் விளிம்பைத் தொட்டு மின்னியது.  பல கிழமைகளுக்குப் பிறகு முதல் தடவையாக எனக்குப் பசித்தது.

ஆனாலும் முழுதாக நம்பினேன் என்று சொல்ல முடியாது. பற்றறியைக் கழற்றி என் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டு, "இடைக்கிடை சார்ஜ் போடு. ஈரத்திலை வைக்காதை" என்றாய். விமான நிலையத்தில் "போட்டு வாறன்" என்றாய். அதை எல்லோரும்தான் சொல்கிறார்கள், திரும்பி வராதவர்களும். அந்தக் குளிர்காலம் முழுவதும் நான் நம்பிக்கொண்டிருந்தது அந்தச் சொல்லை அல்ல, கீழறையில் நின்ற நிறைந்த தாங்கியை.

இன்று நானும் எல்லாவற்றையும் அதே வரிசையில் செய்தேன். வாசித்துக் காட்ட ஆள் இல்லாததால் வாய்க்குள் வாசித்தேன். விளிம்புவரை ஊற்றினேன். அன்ரி மேலிருந்து எட்டிப்பார்த்து, "நீயுமோ?" என்று மட்டும் கேட்டார். "ஓம் அன்ரி, வருவன்" என்றேன். இப்படி ஒரு சொல் என் வாயில் இவ்வளவு சுலபமாக வந்தது உன்னால்தான். உன்னை இழந்த துக்கம் எனக்கு இருக்கிறது. ஆனால் அன்று "போகாதை" என்று சொல்லாமல் விட்டதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சொல்லியிருந்தால், நீ வந்தது எனக்காகவோ என்று இன்றைக்கும் யோசித்துக்கொண்டிருப்பேன்.

அந்தக் குளிர்காலம் முடிந்து, மார்ச் மாதம் நீ தனியாக வந்து இறங்கினாய். "அம்மாட்டை வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன்" என்றாய். கீழே போய் பற்றறியைப் பூட்டி, மாறி மாறி உதைத்தோம். இருமிவிட்டு நின்றது. புகைக்குழாய்த் துணியை இருவருமே மறந்திருந்தோம். அதை இழுத்து எடுத்தபின் ஸ்ராட் ஆகியது.