பேருந்தின் பின்னால்

சனிக்கிழமை, தங்காக் விடுதி

விடுமுறை நாளையோடு முடிகிறது. இன்று லேடாங் மலை அருவியைப் பார்க்கக் கிளம்பினோம். என் வீட்டுக்காரர் ஒரு பேருந்தின் பின்னாலேயே காரை ஓட்டி, தொழிற்சாலை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். பேருந்திலிருந்து சீருடை போட்ட தொழிலாளர்கள் இறங்கினார்கள்.

“அலமாக்! அருவி எங்க?” என்று சிரித்தார்.

என் வகுப்பில், கரும்பலகை எழுத்து கண்ணுக்குத் தெரியாத பிள்ளை அதைச் சொல்லாது. பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதும். அப்படிப்பட்டவர்களை நான் கேள்வி கேட்டதில்லை. முன்வரிசைக்கு மாற்றிவிடுவேன்.

திரும்பும்போது ஒவ்வொரு சாலைப் பலகையையும் வேடிக்கைபோலச் சத்தமாக வாசித்தேன்.

“டீச்சர், மணி அடிச்சாச்சுலா, பாடத்த நிறுத்துங்க” என்றார்.

“நாளைக்கு பெர்மாஸ் ஜெயா வீடு வரைக்கும் நான் ஓட்டவாங்க?” என்று கேட்க நாக்கு எழவில்லை.

இப்போது இதை எழுத என் மூக்குக்கண்ணாடியை எடுக்க அதன் கூட்டைத் திறந்தேன். உள்ளே, எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்கும் கார்ச் சாவி. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். தூங்கவில்லை என்று தெரியும்.