லாய்ட் ஏறிய எதிர்ப் படிக்கட்டு

ஜெர்மனி,
மே 9, 1992

அன்புள்ள ரோவீனாவுக்கு வில்மா எழுதிக்கொள்வது.

இங்கே நலம். டெக்சாஸில் நீயும் ஹேங்கும் பிள்ளைகளும் சுகம்தானே? தோட்டத்தோடு தனி வீடு கிடைத்துவிட்டதாமே! படித்ததும் வயிறு எரிந்தது. மறைப்பானேன்?

நம் அமெரிக்க ராணுவக் குடியிருப்பை அடுத்த மாதக் கடைசியில் மூடுகிறார்கள். எதிரே உன் கட்டடம் முழுக்கக் காலி. ஜெர்மன் வேலையாட்கள் அடுப்புகளைக் கழற்றி லாரியில் ஏற்றுகிறார்கள். நீ கொடுத்துவிட்டுப் போன செடிகள் என்னிடம் வாடுகின்றன. உன் கையில் மட்டும் எப்படித்தான் தழைத்தனவோ!

மூடுவிழாவுக்குக் குடியிருப்பின் வரலாற்றைச் சின்னப் புத்தகமாகப் போடுகிறார்கள். தொகுக்கும் வேலை என் தலையில். முதன்முதலில் குடிவந்தவர்களைப் பற்றி, பள்ளிப் பேருந்து பனியில் சிக்கியதைப் பற்றி யாராவது எழுதுவார்கள் என்று பார்த்தால், எல்லோருக்கும் ஒரே கதைதான் ஞாபகம். களப்பயிற்சி முடிந்து தூக்கக் கலக்கத்தோடு வந்த என் லாய்ட், எல்லாக் கட்டடமும் ஒரே அச்சாக இருப்பதால் உன் படிக்கட்டில் ஏறி, அதே இரண்டாம் மாடி, அதே இடப்பக்கக் கதவு என்று நுழைந்து, பூட்ஸைக் கழற்றிவிட்டு உன் மேஜையில் உட்கார்ந்த கதை. "ஏன்டி வில்மா, இன்னைக்குத்தான் சோள ரொட்டி வாய்ல வைக்கிற மாதிரி இருக்கு" என்று தட்டைப் பார்த்தபடியே சொன்னாராமே. குடியிருப்பே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன். உனக்கும் எனக்கும் ஒரே கடை மாவுதானே, ரோவீனா?

இந்தத் தப்பு இங்கே எல்லோரும் செய்வதுதான். உன் ஹேங்கே ஒருமுறை கீழ்வீட்டுக் குளியலறைக்குள் போய் நின்றவர். ஆனால் அவர் மறுபடி போகவில்லை. லாய்ட் போனார். கேட்டால் பழக்கதோஷம் என்றார். போன வாரம் பயிற்சியிலிருந்து திரும்பியதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். முதுகுப்பையோடு நேரே உன் கட்டடத்துக்குத்தான் போனார். கதவு பூட்டியிருந்தது. வாசற்படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்து, "வண்டி லேட்டு" என்றார்.

உன்மேல் குற்றமில்லை, எனக்குத் தெரியும். அதுதான் இன்னும் எரிகிறது. நீ ஏதாவது செய்திருந்தால் சண்டையாவது பிடித்திருப்பேன்.

பழைய குடும்பங்களை விழாவுக்கு அழைப்பதும் நான்தான். உன்னை விட்டுவிட்டால் லாய்டுக்குத் தெரிந்துவிடும். அதனால் அழைப்பிதழை இதோடு வைத்திருக்கிறேன். "ரோவீனா வருதா? பதில் வந்துச்சா?" என்று தினமும் கேட்கிறார். அடுத்து நாங்கள் எந்த ஊருக்குப் போகிறோம் என்று என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

வராதே, ரோவீனா. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். அந்தத் தோட்டத்தில் பிள்ளைகளோடு நூறு வயது நன்றாக இரு. வர முடியாது என்று அவர் பெயருக்கே ஒரு கடிதம் போடு. நான் சொன்னால் நம்பமாட்டார். உன் கையெழுத்தில் வந்தால் நம்புவார்.

இப்படிக்கு,
உன் எதிர்வீட்டுக்காரி
வில்மா