சங்குக்கும் சுருதி சேர்த்துவிட்டார்கள், அண்ணே

என் வீம்புக்காரப் பாட்டுக்கார அண்ணனுக்கு,

நீ பெரிய ஆளாகிவிட்டாய். சந்தோஷமா? உங்கள் ‘கறுத்தவாவு’ பாட்டுக்குழுவின் பெயர் போட்ட பனியனை மாட்டிக்கொண்டு தம்பானூரில் பையன்கள் அலைகிறார்கள். நான் வேலை பார்க்கிற லாட்ஜ் கவுண்டருக்கே இரண்டு பேர் வந்து, “நீங்க சேவியரோட சிஸ்டர் அல்லே?” என்று கேட்டு, என்னை நடுவில் நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

அவர்கள் கொண்டாடுவது நீங்கள் மலையாளத்தில் போட்ட ஆல்பங்களை அல்ல. கடைசியாகத் தமிழில் போட்டாயே, எவனும் சீந்தாத ‘ஆறாம் நம்பர் லயம்’, அதைத்தான். யாரோ ஒரு பழைய காசெட் நகலை இணையத்தில் ஏற்றிவிட்டிருக்கிறார்கள்.

“சேவியருக்குக் குரலும் போச்சு, சுருதியும் போச்சு” என்று பத்திரிகையில் எழுதினாரே ஒருத்தர், ஞாபகமிருக்கிறதா? அதே மனுஷன் இப்போது ‘காலத்தை முந்திய படைப்பு’ என்று எழுதியிருக்கிறார். கூச்சமே இல்லை. நடுவில் என்ன மாறியது? பாட்டு அதேதான். நீ செத்தாய், அவ்வளவுதான்.

குடித்துவிட்டுப் பாடினான் என்றும் ஒரு பேச்சு கிளம்பியது. பதிவு நடந்த நாளெல்லாம் நீ பால் விடாத கட்டன்சாயா தவிர ஒன்றையும் தொடவில்லை, போட்டுக்கொடுத்தவள் நான். அதற்கப்புறம் மேடை ஒன்றும் இல்லாமல், கல்யாண மண்டபங்களில் ஊரான் பாட்டைப் பாடித் திரிந்தபோது குடித்தாய். அதைப் பற்றி எவனும் எழுதவில்லை.

சுருதி ஏன் அப்படி இருந்தது என்று நமக்குத் தெரியும். போனக்காட்டில் தேயிலை ஃபாக்டரி சைரனைச் சங்கு என்போம். அது ஊதினால்தான் அம்மா எழுவாள், லயத்து வரிசைவீடுகள் மொத்தமும் எழும். அந்தச் சத்தம் எந்தக் கட்டையிலும் சேராமல் இரண்டு கட்டைக்கும் நடுவில் தொங்கும். நீ கிட்டாரின் எல்லாக் கம்பியையும் அதற்கே திருகவைத்தாய். “அம்மா எந்திரிச்ச சுருதிடி. இதுலதான் பாடணும்” என்றாய். ஆல்பத்தின் தொடக்கமே அந்தச் சங்குதான். அது ஓய்கிற இடத்தில் உன் குரல் அதைக் கையில் வாங்கிக்கொள்ளும்.

இதை அன்றைக்கு வாய்திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா அண்ணே? “காதிருக்கிறவனுக்குக் கேட்கும்” என்று சும்மா இருந்துவிட்டாய். யாருக்குக் கேட்டது?

மறுபடி முழுசாகக் கேட்டேன். ஐந்தாவது பாட்டு இழுவைதான், உன்னிடம் மறைப்பானேன். ஆனால் அந்த அட்டைக்கடிப் பாட்டு! அம்மா வாசலில் உட்கார்ந்து காலில் உப்பு வைத்து அட்டைகளை ஒவ்வொன்றாக எடுப்பாளே, அந்த நிதானத்தில் டிரம் விழுகிறது. நீ கத்தவே இல்லை. கத்தாமல் அவ்வளவு கோபத்தை எப்படிப் பாடினாய்?

போன வாரம் பிரதீப் லாட்ஜுக்கு வந்தான். உன் கிட்டார்க்காரன்தான். உன் அடக்கத்துக்கு வர நேரமில்லாமல் போனவன். ஆல்பத்தைப் புதிதாக வெளியிடுகிறானாம், டிவியில் வருமாம், பெரிய மேடை போட்டு விழாவாம். வாரிசு என்று நான் சம்மதித்தால்தான் ஆகுமாம். தன் ஹெட்போனை என் காதில் மாட்டிவிட்டான்.

“கேட்டு நோக்கு ரோசி. காசெட்டைக் கம்ப்யூட்டர்ல இட்டு எல்லாம் நேராக்கியாச்சு. சேவியர் இப்போ எத்தற நல்லாப் பாடறான்!”

யாரோ பாடினார்கள். சளிபிடிக்காத, பசிக்காத எவனோ ஒருத்தன்.

“சங்கு என்னாச்சு? வேற மாதிரி இருக்கே?”

“பாட்டைச் சரியாக்கினப்போ அது மட்டும் அபஸ்வரமா நின்னுது. அதையும் பிடிச்சு சுருதி சேர்த்தாச்சு” என்றான். அதில் அவனுக்குப் பெருமை வேறு.

“அன்னைக்கு அந்தச் சங்குக்குக் கம்பி திருகுனது உங்க கைதானே? எங்கம்மா எந்திரிச்சதும் தப்புதானா? அதையும் திருத்தி வச்சிருக்கீங்களா?”

“அது அன்னைக்கு, ரோசி. இப்போ நாலு ஆள் கேக்கணுமல்லோ.”

“கேட்டுக்கிட்டுதானே இருக்காங்க! உங்க தயவுலயா கேக்காங்க?” ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டேன். அவன், நிதானமா யோசி மோளே என்று அதை என் போனுக்கு அனுப்பிவிட்டுப் போனான்.

யோசித்தேன். பிடிவாதத்தில் உன் பெயரையே நான் கெடுக்கிறேனோ என்றுகூடத் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை வித்துராவில் பஸ் மாறி நம் லயத்துக்குப் போனேன். ஃபாக்டரி ஓடவில்லை, சங்கு நின்று வருஷக்கணக்காகிறது. அம்மாவோடு கொழுந்து பறித்த மரியபுஷ்பம் அக்கா உள்ளே பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். வாசலில் உட்கார்ந்து முதலில் பிரதீப் அனுப்பியதைப் போட்டேன். உள்ளே பாத்திரச் சத்தம் நிற்கவில்லை. அப்புறம் இணையத்தில் கிடக்கிற உன்னுடையதைப் போட்டேன்.

“எவடி அவ, நட்ட நடு மத்தியானத்துல சங்கு ஊதுதவ?” என்று, ஈரக்கையோடு கொண்டையை முடிந்துகொண்டே அக்கா வெளியே வந்துவிட்டாள். போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “சேவியரா?” என்று கேட்டுவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அங்கிருந்தே பிரதீப்பைக் கூப்பிட்டு முடியாது என்று சொல்லிவிட்டேன். உனக்கு டிவி இல்லை, பெரிய மேடை இல்லை. பனியன் போதும், போ. நகலாக இல்லாமல் அந்தச் சங்கு அசலாக இனி உலகத்தில் இருக்கிற ஒரே இடம் என் டிரங்குப் பெட்டியில் கிடக்கிற உன் மூல டேப்தான். அதை நானே வெளியிடுவேன், ஐந்தாவது பாட்டின் இழுவையோடு, ஒரு கம்பிகூடத் திருகாமல். முதலில் சங்கு ஊதும். அப்புறம்தான் நீ.

கட்டன்சாயா போட்டுக் கொடுத்த கையோடு,
உன் தங்கச்சி ரோஸ்லின்