உன் திராட்சைக்கொடிக்குக் கவாத்து

சோப்புப் போட்டும் கையில் பச்சைக் கொடி வாசம் போகவில்லை. உன் மாடிப் பந்தலில் ஏறி, உன் திராட்சைக்கொடியை வெட்டிவிட்டு வந்து எழுதுகிறேன். பதறாதே, முழுக்கப் படி.

கடையில் கத்தரி கிடைக்கும்போது, பழங்காலத்துப் படத்தில் பார்த்த மூக்கு வளைந்த சிற்றரிவாள்தான் வேண்டுமென்று புதுக்கோட்டைக் கொல்லரைப் பாடாய்ப் படுத்தியவன் நீ. முதல் கவாத்தில் இலை பூராவும் உதிர்த்து நீ நின்றபோது, "செடியும் என் தலையும் ஒண்ணாயிட்டுல" என்றேன். "இது மறுபடி துளுரும்ல. உன் தலைக்கு நான் பொறுப்பில்ல" என்றாய்.

மீன் போட்டால் கொடி கொழுக்கும் என்று யாரோ சொல்ல, மலிவாய்க் கிடைத்த உப்புக் கருவாட்டைப் புதைத்த மேதையும் நீதான். இலை ஓரமெல்லாம் கருகியது. தெருப் பூனைகள் மாடியில் குடியேறின. உப்பைக் கழுவ ஆத்தூர் ஆற்றிலிருந்து கேன் கேனாக ஸ்கூட்டரில் நல்ல தண்ணீர் சுமந்தாய். நீ தண்ணீர் வியாபாரம் தொடங்கிவிட்டதாக ஊரில் ஒரு பேச்சு. கிளப்பியவன் பெயர் இப்போது எதற்கு?

நீ போய்ச் சேர்ந்த பிறகு வந்த முதல் கவாத்து இது. உன் மனைவி அரிவாளை ஒளித்து வைத்துவிட்டாள்.

"அவுக வச்ச கொடி அண்ணாச்சி. ஒரு இலகூட உதுரக் கூடாது."

"வெட்டுனாத்தான் தங்கச்சி புதுத் துளுரு வரும், அதுலதான் குலை பிடிக்கும். விட்டா வெறும் இலைதான் மண்டும்."

"பட்டுப்போச்சுன்னா?"

"என்னைய வெட்டிரு."

"உங்கள வெட்டி என்னத்தக் காய்க்கப்போவுது?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நீ போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். அரிவாளும் வந்தது.

"ரெண்டு கணு விட்டு வெட்டுல" என்று நீ கத்துவதாகவே நினைத்துக்கொண்டு வெட்டினேன். வெட்டுவாயில் சொட்டுச் சொட்டாக நீர் கட்டியது.

"அண்ணாச்சி, அழுவுதே!"

"வேரு உசுரா இருந்தாத்தான் தண்ணி வடியும்னு அவன் சொல்லுவான்."

அவள் உள்ளங்கையைக் கீழே நீட்டிச் சொட்டுகளைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றாள். பிறகு என்னிடமிருந்து அரிவாளை வாங்கிக்கொண்டாள்.

"மிச்சத்த நான் வெட்டுதேன். நீங்க ஏணியப் பிடிங்க. ஆட்டாமப் பிடிக்கணும்."

பிடித்தேன். அடுத்த கவாத்துக்கும் வரச் சொல்லியிருக்கிறாள். உன் நண்பனுக்கு இந்த வயதில் நிரந்தர வேலை கிடைத்துவிட்டதுடா.