முருகேசன் எடுத்த இலை

மார்ச் 1979, வெள்ளி இரவு. சேலம் விடுதி.

இன்று கல்லூரியில் சமபந்தி விருந்து. வாழையிலை பரமத்தி வேலூரில் எங்கள் தோட்டத்திலிருந்து வந்தது. சாதி பார்க்காமல் ஒரே பந்தியில் உட்காருவோம் என்று மைக்கில் பேசியதும் நான்தான். நல்ல கைதட்டல்.

முருகேசன் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான். எங்கள் ஊர்க்காரன், இங்கே விடுதியில் என் அறைத்தோழன். அவன் அப்பா எங்கள் தோட்டத்து ஆள். எங்கள் வீட்டுக் கொல்லையில்தான் சாப்பிடுவார், இலையைத் தானே எடுத்துப் போடுவார்.

விருந்து முடிந்ததும் எல்லோரும் இலையை அப்படியே விட்டுவிட்டுக் கை கழுவப் போனோம். எடுக்க ஆள் இருந்தது. முருகேசன் மட்டும் பழக்கத்தில் தன் இலையைச் சுருட்டி எடுத்துவிட்டான். பிறகுதான் சுற்றிலும் பார்த்தான். முகம் சுண்டிவிட்டது.

"அட, வெச்சுட்டு வாடா" என்று சொல்லியிருக்கலாம். என் வாயில் வந்ததோ, "அந்தப் பக்கம் குழியில கொண்டோயிப் போட்டுரு." அவன் அப்பாவிடம் நான் சொல்லும் அதே குரல்.

இரண்டு வருடமாக என்னை வாடா போடா என்று பேசுகிறவன், "சரிங்க" என்றான்.

இப்போது பக்கத்துக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். தூங்கவில்லை. கூப்பிட்டுப் பேசலாம். "சொல்லுங்க" என்று எழுந்து நின்றுவிடுவானோ என்று பயமாக இருக்கிறது.