ஊதப் போகமாட்டேன் என்கிறான்

ஆனையூர், மதுரை
சனி

அன்பு மகள் ஆர்த்திகாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பாதிச் சுகம் என்றே வைத்துக்கொள். நீயும் மாப்பிள்ளையும் அந்த டப்ளின் குளிரில் நல்லபடி இருக்க வேண்டும். போனில் பேசினால் உன் அம்மா பக்கத்திலேயே வந்து நிற்கிறாள், அதனால்தான் மாடியில் உட்கார்ந்து தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

தம்பி சித்தார்த்துக்குப் போன தடவை ஊதுகிற டெஸ்டில் நுரையீரல் அளவு நூற்றுக்கு எழுபதிலிருந்து அறுபத்திரண்டுக்கு வந்தது உனக்குத் தெரியும். சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடக்கும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இறங்குகிறது, தேறினாலும் பழைய இடத்துக்கு முழுசாக ஏறுவதில்லை, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸில் இந்த வயதில் இறக்கம் வேகமாகத்தான் இருக்கும், யார் தப்பும் இல்லை என்று டாக்டரம்மா சொன்னார். உன் அம்மா கேட்டால்தானே! அளவு ஏறுகிறவரை செவ்வாய், வெள்ளி உப்பில்லாமல் சாப்பிடுவதாக மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். அவனுக்கு மட்டும் உப்புப் போட்டுத் தனிக் குழம்பு. இந்த நோய்க்கு வேர்வையிலேயே உப்பெல்லாம் போய்விடும், மற்றவர்களைவிடக் கூடுதலாகச் சாப்பிட வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே தெரிந்த பையன், அம்மா மட்டும் சப்பென்று தின்கிறாளே என்று தன் குழம்பை யாரும் பார்க்காமல் கொட்டிவிட்டு அவள் குழம்பையே ஊற்றித் தின்றிருக்கிறான். போன வெள்ளிக்கிழமை வெயிலில் மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்கு நின்றவன் மயங்கி விழுந்துவிட்டான். பூக்கடைக்காரர்கள்தான் ஆட்டோவில் ஏற்றினார்கள். டிரிப்ஸ் ஏற்றி வீட்டுக்கு வந்துவிட்டான், பயப்படாதே.

வருகிற புதன்கிழமை மறுபடி ஊத வேண்டும். போகமாட்டேன் என்கிறான். கொறஞ்சிருந்தா அம்மா சோத்தையே விட்டுரும், அதுக்கு ஊதாமலே இருக்கேன் என்கிறான். ஊதிப் பார்க்காமல் எதை வைத்து மருந்து மாற்றுவது என்று டாக்டரம்மா சத்தம் போடுகிறார். நான் வாசலுக்கும் அடுப்படிக்கும் சும்மா நடந்துகொண்டிருக்கிறேன். நேற்று உன் அம்மா, நேர்த்தியை விட்டுட்டேன்டா, பாரு என்று அவன் முன்னாலேயே உப்பை அள்ளிப் போட்டுச் சாப்பிட்டாள். அதற்கு அவன், எம்புட்டு எறங்குனாலும் இப்படியே சாப்பிடுவேன்னு சத்தியம் பண்ணும்மா, புதன்கிழமை வாரேன் என்றான். அவள் தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். இன்னும் இறங்கும் என்று பெற்றவள் தன் வாயால் எப்படிச் சொல்வாள்? அப்ப நீங்க சொல்லுங்கப்பா என்று என்னைப் பார்த்தான். நான் தண்ணீர் எடுக்கிற சாக்கில் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

செவ்வாய்க்கிழமைக்குள் கூப்பிடு. அவனிடம் பேச வேண்டாம், அம்மாவிடம் பேசு. எப்படியாவது அந்தச் சத்தியத்தை அவள் வாயால் சொல்ல வை. நீங்கள் இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல் இருக்க அந்த அம்மன் துணையிருக்கட்டும்.

உன் அப்பா
மலைச்சாமி